படையும் மதிலும் குழியும்
பாலையாதல் பற்றிய உரைநடைக்கு ஒரு திறனாய்வு

மாணவன் எழுதிய கட்டுரையில் பொருந்தா உவமை ஒன்றைக் கண்டால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டுத் திருத்துகிறார். அறிஞர் எழுதும் அறிக்கையில் அதே குற்றம் இருந்தால் கோடிடுவார் யார்? செய்யுளில் பிழைபட்ட உருவகம் அச்செய்யுளைக் கெடுப்பதோடு நின்றுவிடும். ஆராய்ச்சி உரைநடையில் பிழைபட்ட உருவகமோ, பணத்தைத் தகாத இடத்துக்கு அனுப்பும். மரக்கன்றைத் தங்காத மண்ணில் நடச்சொல்லும். குற்றமற்ற உழவனைக் கூண்டில் ஏற்றும். ஆதலின் அறிவியல் உரைநடையும் இலக்கியத் திறனாய்வாளனின் கண்ணுக்கு உட்பட வேண்டியதே என்பது நம் கருத்து.

நம் வகுப்பறைகளில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: சகாராப் பாலைவனம் ஆண்டுதோறும் தெற்கு நோக்கி முன்னேறி வருகிறது. இலக்கணப்படி இதில் குற்றமில்லை. எழுவாய் பாலைவனம், பயனிலை முன்னேறி வருகிறது. ஆனால் இவ்வாக்கியத்தில் மனிதன் எங்கே? செயப்படுபொருளாகக்கூட அவனுக்கு இடமில்லை. மரத்தை வெட்டியவர் யார், வெட்டவேண்டிய நிலை ஏன் வந்தது, அம்மரம் யாருக்கு உரிமையாயிருந்தது, மழை எத்தனை ஆண்டு பொய்த்தது என்னும் வினாக்கள் எல்லாம் இவ்வொரு வினைமுற்றுக்குள் புதைந்துபோகின்றன. பாலைவனம் ஒரு படை. நாடுகள் அதை எதிர்க்கும் கோட்டைகள். இதுவே அந்த உருவகம். வறண்ட நிலங்களைக் காக்க உலக நாடுகள் கூடிச் செய்த ஆராய்ச்சிகளின் வரலாறு, பெரும்பாலும் இவ்வுருவகத்தை நம்பியதும் பின்னர் அதிலிருந்து மீண்டதும் ஆகிய வரலாறே என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

படை

1935ஆம் ஆண்டில், எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பேராசிரியர் ஸ்டெப்பிங் என்பார், சகாரா மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளை நோக்கி ஊர்ந்து வருகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய வனத்துறையில் முன்னர்ப் பணியாற்றியவர் அவர். படையைத் தடுக்கக் காட்டு மரங்களால் ஆகிய நெடும் அரண்கள் வேண்டும் என்பது அவர் முடிபு. அவர் அந்நாடுகளில் பயணம் செய்ததோ மழையற்ற பருவத்தில். புல் காய்ந்து மண் வெளுத்துக் கிடக்கும் மாதங்களில் சாகேல் நிலத்தைப் பார்ப்பவருக்குப் பாலைவனம் வந்துவிட்டதாகவே தோன்றும். சாகேல் என்பது சகாராவின் தென் விளிம்பில் செனகல் முதல் சூடான் வரை நீளும் வறண்ட புல்வெளிப் பகுதி. கோடையில் மட்டும் ஊருக்கு வந்தவர், ஊர் ஏரியில் என்றுமே நீர் இல்லை என்று எழுதுவது போன்றதே அது.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இணைந்து ஒரு வனவியல் குழுவை அமைத்து, 1936-37இல் நைஜீரியா, நைஜர் எல்லைப் பகுதிகளுக்கு அனுப்பினர். இத்துறையில் நாடுகள் கூடி நடத்திய முதல் ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று. மணல் திரண்டு படையெடுத்து வருவதற்குச் சான்றில்லை என்று அக்குழு அறிவித்தது. வழக்கு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சான்று மறுக்கப்பட்டது, உருவகம் மட்டும் உயிரோடிருந்தது.

1968 முதல் 1973 வரை சாகேல் நாடுகளைக் கொடும் வறட்சி வாட்டியது. மந்தை மந்தையாகக் கால்நடை மடிந்தது. மக்கள் பசியால் மாண்டனர். அவ்வறட்சியின் பின்னர், 1975இல், லாம்ப்ரே என்னும் ஆய்வாளர் சூடானின் கொர்டோபான் பகுதியை ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டின் தாவரப் படத்தோடு ஒப்பிட்டு, 17 ஆண்டுகளில் பாலைவனம் 90 முதல் 100 கிலோமீட்டர் வரை தெற்கே நகர்ந்துள்ளது என்றார். ஆண்டுக்கு 5.5 கிலோமீட்டர்! படைக்கு இப்போது வேகமும் கிடைத்துவிட்டது. அவ்வெண் அறிக்கைக்கு அறிக்கை தாவியது. 1977இல் ஐக்கிய நாடுகள் சபை பாலையாதல் பற்றிய உலக மாநாட்டை நைரோபியில் கூட்டிய காலத்தில், இந்த அச்சமே எங்கும் நிறைந்திருந்தது.

இவ்வொப்பீட்டின் குறையைக் கண்டறிய விண்வெளி அறிவு வேண்டா, பொதுவறிவே போதும். முன்னைய படம் மழை நன்கு பெய்த காலத்தது; பின்னைய நோக்கீடு பெருவறட்சியை அடுத்தது. இரண்டு நாட்களை மட்டும் பார்த்துவிட்டு, இடையில் நடந்ததை ஊகித்தல் முறையாகுமா? சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஹெல்டேன் முதலானோர் 1980களில் அதே கொர்டோபானை நிலத்தில் நடந்தும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் ஆராய்ந்தனர். அத்தகைய நகர்வை அவர்கள் காணவில்லை. 1991இல் டக்கரும் அவருடைய தோழர்களும், 1980 முதல் 1990 வரையிலான செயற்கைக்கோள் படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது, சகாராவின் தென் எல்லை வறண்ட ஆண்டுகளில் தெற்கே இறங்குவதும் மழை கண்ட ஆண்டுகளில் வடக்கே ஏறுவதுமாக இருப்பது தெரிந்தது. அது படையின் நடை அன்று. மூச்சின் ஏற்ற இறக்கம்.

நிலம் கெடவே இல்லை என்பது இதன் பொருளாகாது. கெடுகிறது, பல இடங்களில் கடுமையாகவே கெடுகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் மணலால் கெடுவதினும், உள்ளுக்குள்ளேயே, அம்மை வடுப்போல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கெடுகிறது. நோய் வேறென்றால் மருந்தும் வேறன்றோ?

சொல்

பாலையாதல் என்னும் கருத்துக்குரிய பிரெஞ்சுச் சொல்லை 1949இல் தம் நூலால் பரப்பியவர் ஓபிரெவீல் என்னும் தாவர அறிஞர். அவர் கருதியது மணலை அன்று. காட்டை அழித்து, தீயிட்டு, உழுது, மண்ணை வெறுமையாக்கும் மனிதச் செயலையே பெரிதும் கருதினார். பிறந்தபோது சொல் சரியாகத்தான் இருந்தது, வழக்கில்தான் திரிந்தது.

1994ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் பாரிசில் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, அச்சொல்லுக்கு வரையறை தந்தது. வறண்ட நிலம், அரைவறண்ட நிலம், ஈரம் குறைந்த நிலம் ஆகியவற்றில், தட்பவெப்ப மாறுபாடும் மனிதச் செயலும் உட்படப் பல காரணங்களால் நிலம் சீர்கெடுவதே அது என்பது வரையறையின் சாரம். இதில் மணல் இல்லை. முன்னேறுதல் என்னும் வினையும் இல்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளே. மழைக்காட்டு நாட்டில் வாழும் நமக்கும் இச்சொல்லைச் சரியாகப் பயன்படுத்தும் கடமை உண்டு என்பதற்கு இதுவே போதும்.

தமிழில் நாம் பாலைவனமாதல் என்கிறோம். அதைக் கேட்ட மாணவன் மனத்தில் ஒட்டகமும் மணற்குன்றும் தோன்றுகின்றன. பாலைவனம் பிற்காலச் சொல். நம் பழைய சொல் பாலை. தொல்காப்பியர் நானிலம் வகுத்தபோது பாலைக்குத் தனி நிலம் தரவில்லை என்பதையும், இளங்கோவடிகள் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தே பாலை உண்டாவதாகக் காட்டுவதையும் ஆசிரியர்கள் அறிவர். அதாவது பாலை என்பது ஓர் இடமன்று, ஒரு நிலை. இன்றைய வரையறைக்கு ஒட்டகச் சொல்லைக் காட்டிலும் இந்நிலைச் சொல்லே பொருந்தும். பாலையாதல் என்று சுருங்கச் சொல்வோமாயின், உருவகப் பிழை பாதி நீங்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இதைக் கொண்டு, ஐக்கிய நாடுகள் சபை சொன்னதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என மேடையேறி முழங்குதல் வேண்டா. அகப்பொருளில் பாலை பிரிவுக்கு நிலைக்களன், மண்ணியல் பாடமன்று. நிலம் திரியும் என்று கண்டது பழம்புலவரின் கூர்ந்த நோக்கு. திரிந்த நிலத்தை மீட்பது எப்படி என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருளே அன்று. சொல்லைக் கடன் பெறுவோம்; பெருமையைக் கடன் பெற வேண்டா.

மதில்

படை வருகிறது என்று நம்பியவர் மதில் கட்டுவது இயல்பு. புறப்பொருள் பயின்றவர்க்கு இது விளங்கும்: வஞ்சி சூடிப் பகைவன் வந்தால், நொச்சி சூடி மதில் காப்பர். 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பெரும் பசுஞ்சுவர்த் திட்டம் நொச்சித் திணையைச் சேர்ந்தது. செனகல் முதல் ஜிபூட்டி வரை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளத்தில், 15 கிலோமீட்டர் அகலத்தில் மரச்சுவர் எழுப்புவது தொடக்கத்தில் பேசப்பட்ட கருத்து. செய்தித்தாளுக்கு ஏற்ற படம்; வரைபடத்தில் ஒரே கோடாக வரையலாம்; நன்கொடையாளருக்கு ஒரே சொல்லில் விளக்கலாம். மண்ணுக்குத்தான் அது ஏற்கவில்லை. ஆளில்லா வெளியில் நட்ட கன்றுக்கு நீரூற்றுவார் யார்? ஊர் நடுவே நட்ட கன்றானால், ஆடுமாடு மேய்ப்போர் மந்தையை எங்கே ஓட்டிச்செல்வர்?

இக்குறையை அத்திட்டத்தாரே உணர்ந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நாளடைவில் சுவர் என்ற பெயர் மட்டும் நின்றது, பொருள் மாறியது. இன்று அது வயல், மேய்ச்சல், தோப்பு, தோட்டம் என ஊருக்கேற்ற பல பணிகளின் தொகுதி என்றே விளக்கப்படுகிறது. 2030க்குள் 10 கோடி எக்டர் நிலத்தை மீட்பது அதன் குறி. 2020இல் வெளிவந்த மதிப்பீடு, திட்டத்துக்கென வகுத்த பகுதிகளில் ஏறத்தாழ 40 இலட்சம் எக்டர் அளவே பணி நடந்ததாகக் கூறியது. 2021இல் உலக நாடுகளும் வங்கிகளும் 1,400 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதி கூறின. உறுதி கூறிய தொகைக்கும் ஊரில் சென்று சேரும் தொகைக்கும் இடையே உள்ள தொலைவு, செனகலுக்கும் ஜிபூட்டிக்கும் இடையே உள்ள தொலைவினும் சிறியதாக இருக்கட்டும் என்று வேண்டுவோமாக.

குழி

இனி மறுபக்கம். புர்க்கினா பாசோ நாட்டின் வடபகுதியில் யாட்டெங்கா என்றொரு வட்டாரம். ஒரே மண்ணில், ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில், வெளிநாட்டுத் துணையோடு இருவகைப் பணி நடந்த இடம் அது. ஒப்பிட்டுத் திறனாய இதனினும் தக்க களம் கிடைப்பது அரிது.

முதலாவது 1962 முதல் 1965 வரை நடந்தது. ஐரோப்பியப் பணத்தில், பெரும் பொறிகளைக் கொண்டு, ஏறத்தாழ 1,20,000 எக்டர் பரப்பில் மண் வரப்புகள் எழுப்பப்பட்டன. பொறியியல் நோக்கில் குறை சொல்ல முடியாத விரைவு. ஆனால் நிலத்துக்குரியவரிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஓடிவரும் மழைநீர் முழுவதையும் அவ்வரப்புகள் வயலைவிட்டுத் திருப்பிவிட்டன. உழவனுக்கோ அந்நீர் வேண்டியிருந்தது. தாம் கேளாத வரப்பை அவர்கள் பேணவில்லை. சில ஆண்டுகளில் அவை கரைந்தன.

இரண்டாவது 1979இல் ஆக்ஸ்பாம் என்னும் அறநிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. வந்தவர்களின் நோக்கம் மரம் வளர்ப்பது. நீரைத் தேக்கும் சிறு வரப்புகளை உழவர்க்குக் காட்டினார்கள். உழவர் பார்த்தனர், நல்ல முறை, ஆனால் இதில் முதலில் சோளமும் கம்புமே விதைப்போம் என்றனர். இவ்விடத்தில்தான் அறிவுடைமை வெளிப்பட்டது. வந்தவர் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டனர். வழக்கத்தில் இருந்த கல்வரிசை முறை எடுத்துக்கொள்ளப்பட்டது. கல்வரப்பு நீரை முற்றும் தடுப்பதில்லை. மெல்ல வடியவிட்டு, மண்ணையும் சருகையும் பின்னே தங்கவைக்கிறது. ஒரு குறை மட்டும் இருந்தது. மென்சரிவான நிலத்தில் சமமட்டக் கோடு கண்ணுக்குத் தெரியாது. கோடு தவறினால் நீர் ஒருபுறம் திரண்டு வரப்பை உடைக்கும். அதற்குக் கொடுத்த கருவி யாது? கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நெகிழிக் குழாய் ஒன்று, அதில் தண்ணீர், இரு முனையிலும் இரு கோல். நம் ஊரில் கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே நீர்மட்டக் குழாய். எழுத்தறியாதவரும் ஓரிரு நாளில் கற்றனர். உழவனிடம் இல்லாத ஒன்றே ஒன்றை மட்டும் கொடுத்து, அவனிடம் இருந்த அனைத்தையும் பயன்படுத்திய ஆராய்ச்சி அது.

அதே வட்டாரத்தில் கூர்கா என்னும் சிற்றூரில் யாக்குபா சவடோகோ என்னும் உழவர் வாழ்ந்தார். 1980களின் தொடக்கத்து வறட்சியில் பலர் ஊரைவிட்டுப் போக, அவர் தங்கி, முன்னோர் தோண்டிய ஜை என்னும் நடுகுழியை எடுத்துத் திருத்தினார். குழியைச் சற்று அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கினார்; வேனிலிலேயே தோண்டி எருவும் சருகும் இட்டார். எருவைத் தேடிக் கறையான் வந்தது. பயிருக்குப் பகை என்று நாம் கருதும் கறையான், கல்போல் இறுகிய மண்ணில் நுண்துளைகள் இட்டது. முதல் மழை ஓடாமல் உள்ளே இறங்கியது. எருவோடு வந்த மரவிதைகளும் முளைத்தன. அவற்றைக் களையென்று பிடுங்காமல் காத்தார். ஏறக்குறைய 40 எக்டர் காடும், அதில் 60க்கு மேற்பட்ட மரஞ்செடி வகைகளும் அவ்வாறு உருவாயின. ஊரார் முதலில் அவரைப் பித்தன் என்றனர். அவர் வளர்த்ததற்குத் தீயும் வைத்தனர். 2018இல் சுவீடன் நாட்டின் நல்வாழ்வு உரிமைப் பரிசு அவருக்குக் கிட்டியது; 2023 திசம்பரில் மறைந்தார்.

1989இல் நைஜர் நாட்டின் இல்லேலா வட்டத்திலிருந்து 13 உழவர்கள் யாட்டெங்காவுக்கு அழைத்துவரப்பட்டனர். பேருரை இல்லை, கருத்தரங்கு இல்லை. உழவன் வயலை உழவன் பார்த்தான். ஊர் திரும்பித் தம் நாட்டில் மறக்கப்பட்டிருந்த தஸ்ஸா என்னும் குழிமுறையைப் புதுப்பித்தனர். அடுத்த ஆண்டின் வறட்சியில் குழியிட்ட நிலம் விளைந்ததைக் கண்டு அக்கம்பக்கத்தார் பின்பற்றினர். சர்வதேசக் கூட்டாய்வு என்று நாம் சொல்லும்போது இந்தப் பயணத்தை நினைக்கிறோமா?

நைஜரின் தென்பகுதிக் கதை இன்னும் வியப்புடையது. 1983இல் மராடிப் பகுதியில் பணிபுரிந்த ஆஸ்திரேலியர் டோனி ரினோடோ, தாம் நட்ட கன்றுகள் பட்டுப்போவதைக் கண்டு சலித்திருந்த வேளையில், வயல்களில் புதர்போல் கிடந்தவை வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள் என்பதைக் கண்டார். வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. துளிர்களில் வலுவானதைக் காத்து ஏனையவற்றைக் கழித்தால் மரம் தானே எழும். ஆனால் குடியேற்றக் காலச் சட்டத்தின் வழியில் மரம் அரசுக்கு உரியதென்று கருதப்பட்டவரை உழவன் அதைக் காக்க மனங்கொள்ளவில்லை. அப்பிடி தளர்ந்த பின்னர் மரம் பெருகியது. இருபது ஆண்டுக்கு மேல் சென்று, கிறிஸ் ரெய்ஜ், கிரே டாப்பன் முதலானோர் வான்படங்களை ஒப்பிட்டபோது, 50 இலட்சம் எக்டர் பரப்பில் உழவர் மரம் வளர்த்திருப்பது உலகுக்குத் தெரிந்தது. மண்ணில் நடந்ததை அறிஞர் உலகம் வானிலிருந்து பார்த்து, அதுவும் காலந்தாழ்ந்து அறிந்துகொண்டது!

தடைகள்

இவ்வாறு குழியைப் புகழ்வது இன்னோர் உருவகப் பிழையில் நம்மை வீழ்த்தக்கூடும். சவடோகோவைப் பற்றி 2010இல் வந்த ஆவணப்படத்தின் பெயர், பாலைவனத்தைத் தடுத்து நிறுத்திய மனிதர் என்னும் பொருளுடையது. பாருங்கள்: படை என்னும் உருவகம் பின்வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது! உழவரைப் படைத்தலைவராக்கிவிட்டோம். அவர் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. மழைநீரை நிறுத்தினார்; அவ்வளவே; அதுவே பெரிது.

மேலும், குழி எல்லார்க்கும் எட்டுவதன்று. ஓர் எக்டருக்கு நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு வேண்டும். ஆளில்லாத வீட்டுக் கைம்பெண் என் செய்வாள்? மாடில்லாதவன் எருவுக்கு எங்கே போவான்? நிலத்தில் உரிமை உறுதியில்லாதவன் ஏன் தோண்டுவான்? சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியே நகர விரிவில் மனைக்கட்டுகளாக வகுக்கப்பட்டது. 2010களின் பிற்பகுதியில் தொடங்கி வட புர்க்கினா பாசோவில் ஆயுதப் பூசல் மூண்டு, உழவர் பலர் தம் வயலையே விட்டோட நேர்ந்தது. குழி மண்ணை மீட்கும். ஆட்சியையும் அமைதியையும் மீட்காது. உழவர் தாமே செய்துகொள்வர் என்று கூறிப் பணக்கார நாடுகள் கைகழுவுவதற்கு இக்கதையை ஆதாரமாக்குவோர் உண்டு. அது உண்மையைக் கொண்டு செய்யும் பொய்.

ஆராய்ச்சி நிலையங்கள் வேண்டா என்பதும் நம் கருத்தன்று. ஐதராபாத்தின் அருகே பட்டாஞ்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிலையம் நைஜரிலும் ஒரு கிளை வைத்திருக்கிறது. அதன் அறிஞரும் ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தாரும் கண்ட சிற்றளவு உரமுறை கருதத்தக்கது. உரத்தை வயலெங்கும் வீசாமல், விதைக்குழியில் மூவிரலால் எடுத்த அளவு, அல்லது ஒரு சோடாப் புட்டி மூடியளவு இடுவது. உரமூட்டை வாங்க இயலாதவனும் மூடியளவு இட இயலும். ஆய்வுக்கூடத்துத் தராசு உழவன் விரலுக்கு இறங்கி வந்த நிகழ்ச்சி அது.

முடிவாக

இவற்றால் பெறப்படுவது யாது? கூட்டாய்வின் சிறப்பு, கூடிய நாடுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒப்பமிட்ட தாள்களிலும் இல்லை. உழவன் வினாவைக் கேட்டுத் தன் வினாவை மாற்றிக்கொள்ளும் பணிவு ஆராய்ச்சியாளனுக்கு இருந்ததா என்பதே உரைகல். 1962இல் பொறிகள் வந்தபோது அப்பணிவு இல்லை; 1979இல் நீர்மட்டக் குழாய் வந்தபோது இருந்தது. மண்ணும் மழையும் ஒன்றே, விளைவு வேறு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவன் ஏட்டில், பாலைவனம் முன்னேறி வருகிறது என்று கண்டால், அதன் கீழ்க் கோடிடுங்கள். திருத்திய வாக்கியத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்: மழை குறைந்தும் மரம் குறைந்தும் மண் வலியிழந்தும் நிலம் பாலையாகிறது; உரிமையும் உதவியும் பெற்ற உழவர் அதைப் பல இடங்களில் மீட்டிருக்கின்றனர். வாக்கியம் சற்று நீளம்தான். ஆனால் இதில் மனிதன் எழுவாயாக இருக்கிறான்.